நாற்பத்தோராம் மதகு

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் தும்பிக்குக் கொடுத்திருந்த வேலை, காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது மட்டும்தான். வாய் திறக்கக் கூடாது. சேர்ந்த அன்றைக்கே மேற்பார்வையாளர் மேடம் அதைக் கறாராகச் சொல்லிவிட்டார்.

"எட்டு வாரம் இங்க இருப்பே. பழைய ரெக்கார்டைக் கேட்டுப் படிவம் நிரப்பு. நேரடி அழைப்பு வந்தா ரெண்டாவது ஹெட்செட்டைப் போட்டுக்கிட்டுக் கேளு. பேசாதே. பேசினா அன்னைக்கே பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

பருவத்துக்குப் பருவம் பயிரைத் துரத்திக்கொண்டு போகிற பண்ணைக் கூலிக் குடும்பங்களில் பிறந்து, எப்படியோ கல்லூரி வாசலை மிதித்துவிட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு கோடைப் பயிற்சித் திட்டம் இருந்தது. கூடப் படித்தவர்களில் ஒருத்திக்கு வங்கி கிடைத்தது, ஒருவனுக்கு விதை ஆராய்ச்சிக்கூடம். தும்பிக்கு இந்த அறை. எட்டு மேசைகள், எட்டுத் திரைகள், சுவர் முழுக்க ஒரு பெரிய வரைபடம், பற்கள் கிடுகிடுக்க வைக்கும் ஏசி. ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது இவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அம்மாவிடம் அதைச் சொன்னபோது, "நல்லா அனுபவி. எங்க பங்கு குளிரையும் நீயே வாங்கிக்க" என்று சிரித்தாள்.

தும்பி என்பது பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரல்ல. பாத்திக்குப் பாத்தி தாவிக்கொண்டு ஓரிடத்தில் நிற்காமல் அலைந்த குழந்தைக்கு, அம்மாவோடு காய் பறித்தவர்கள் வைத்த பெயர். பன்னிரண்டு வருடப் படிப்பை அவள் பதினோரு பள்ளிக்கூடங்களில் முடித்தாள். இங்கே யாரும் அவளைத் தும்பி என்று கூப்பிடவில்லை. ட்ரெய்னி என்றார்கள். அதுவும் வசதியாகத்தான் இருந்தது. எங்கிருந்து வந்தாய், அப்பா அம்மா என்ன செய்கிறார்கள் என்று யாரும் துருவாதவரை நல்லது. வந்த புதிதில் அவள் கைகளை மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தாள். தக்காளிச் செடியின் கறை விரலிடுக்கில் பச்சையும் கறுப்புமாக ஏறிவிட்டால் எத்தனை சோப்பு போட்டாலும் இரண்டு வாரத்துக்குப் போகாது.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை, காலை எட்டு ஐம்பத்திரண்டுக்கு நாலாம் மேசையில் விளக்கு எரிந்தது. நாலாம் மேசை அண்ணன் பன்னிரண்டு வருடமாக அதே நாற்காலியில் இருப்பவர். அழைப்பவர் எவ்வளவு கத்தினாலும் தன் குரலை உயர்த்தாதவர். பக்கத்து நாற்காலியில் தும்பி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

"ஆம்புலன்ஸ் சேவை. எந்த ஊர்லேர்ந்து பேசறீங்க?"

"அண்ணே, எங்க மாமா விழுந்துட்டாரு. வாயெல்லாம் நுரை நுரையா வருது. கை காலு வெட்டி வெட்டி இழுக்குது." இளம் பெண்ணின் குரல். மூச்சிரைத்தது. பின்னால் யாரோ ஓங்கரித்து வாந்தியெடுக்கும் சத்தம்.

"பதறாதீங்கம்மா. எந்த ஊர்னு சொல்லுங்க, வண்டி அனுப்பறேன்."

"ஊரு தெரியலண்ணே."

"எந்த மாவட்டம்?"

"தெரியலண்ணே. தோட்டம். தக்காளித் தோட்டம்."

"தோட்டம் யாரோடது?"

"தெரியல."

அண்ணனின் திரையில் படிவம் திறந்து கிடந்தது. மாவட்டம், ஊர், தெரு, அடையாளம். நாலு கட்டமும் காலி. முதல் கட்டத்தை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. வரைபடத்தில் அழைப்பு வந்த இடத்தை ஒரு வட்டம் காட்டியது. பழைய பட்டன் போன். ஒரே ஒரு கோபுரத்தின் சிக்னல். வட்டத்துக்குள் ஒரு நதி, ஒரு பாலம், இரண்டு வாய்க்கால், எண்ண முடியாத அளவுக்கு வயல்.

"பக்கத்துல கோயில், கடை, பள்ளிக்கூடம் ஏதாவது இருக்காம்மா?"

"ஒண்ணுமில்லண்ணே. விடியறதுக்கு முன்னாடி வேன்ல கொண்டாந்து இறக்கினாங்க. நாங்க ஒன்பது பேரு. பக்கத்துல எலுமிச்சைத் தோட்டம். அதுல டிராக்டர் மருந்தடிச்சிக்கிட்டே வந்துச்சு. புகையா இந்தப் பக்கம் அடிச்சுது. கண்ணு எரியுது. மாமா எந்திரிச்சு நடந்தாரு, அப்படியே குச்சியெல்லாம் சாய்ச்சிக்கிட்டு விழுந்துட்டாரு. இன்னும் நாலு பேரு வாந்தி எடுக்கறாங்க."

அண்ணன் நச்சு மருந்துக்கான முதலுதவி அட்டையை எடுத்தார். மேற்பார்வையாளர் மேடம் எழுந்து வந்து பின்னால் நின்றுவிட்டார்.

"உங்களைக் கூட்டிட்டு வந்தவர் எங்க?"

"மேஸ்திரி வேனை எடுத்துக்கிட்டுக் கூடை ஏத்தப் போயிருக்காரு. போன் எடுக்க மாட்டேங்கறாரு."

"அவர் நம்பரைச் சொல்லுங்க. நாங்க பேசறோம். போலீஸையும்..."

அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை விழுந்ததும் அந்தப் பக்கம் மூச்சு நின்றது தும்பிக்குக் கேட்டது.

"வேணாண்ணே. போலீஸ் எல்லாம் வேணாம். மேஸ்திரிக்குத் தெரிஞ்சா எங்களை நடுரோட்டுல விட்ருவாரு. நான் வச்சிடறேன். நாங்க பாத்துக்கறோம்."

வைத்துவிடுவாள். தும்பிக்கு அது நன்றாகத் தெரியும். அவளுடைய அம்மாவும் வைத்துவிடுவாள். எட்டு வருடத்துக்கு முன்னால் சின்னம்மா மிளகாய்த் தோட்டத்தில் மயங்கி விழுந்தபோது யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எல்லாரும் சேர்ந்து கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். தும்பியின் விரல் மேசையில் இருந்த பொத்தானுக்குப் போனதை அவளே கவனிக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தது.

"அக்கா, வச்சிடாதீங்க. நீங்க யாரு செட்டுல வந்திருக்கீங்க?"

அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பினார். மேடத்தின் கை தும்பியின் தோளில் வந்து அழுத்தியது. ஆனால் அந்தப் பக்கத்துக் குரல் தயங்கி நின்றது.

"நீ... நீ யாரு?"

"எங்கம்மாவும் கூலிச் செட்டுல போறவங்கதான். நானும் காய் பறிச்சிருக்கேன். மேஸ்திரி பேரு எனக்கு வேணாம். நீங்க எங்க இருக்கீங்கன்னு மட்டும் நாம கண்டுபிடிப்போம். சரியா?"

தோளில் இருந்த கை இன்னும் அழுத்தியது. பிறகு மெல்ல எடுக்கப்பட்டது. "பேசு" என்றார் மேடம், பல்லைக் கடித்துக்கொண்டு. "நிறுத்தாதே."

"டிராக்டர் இப்ப எங்க இருக்கு அக்கா?"

"அந்தக் கோடிக்குப் போயிருச்சு."

"அப்ப திரும்பி வரும். வர்றதுக்குள்ள எல்லாரையும் எலுமிச்சைக்கு எதிர்ப்பக்கம் இழுத்துட்டுப் போங்க. நடக்க முடிஞ்சவங்க முடியாதவங்களைத் தூக்குங்க. மாமாவை ஒருக்களிச்சுப் போட்டே இழுங்க, மல்லாக்கப் போடாதீங்க. அந்தப் பக்கம் தண்ணி இருக்கா?"

"வாய்க்கா இருக்கு. காலைல மூஞ்சி கழுவினோம்."

"அங்கதான் போகணும்."

அண்ணன் அட்டையைத் தும்பியின் முன்னால் நகர்த்தி வைத்து, விரலால் வரி வரியாகக் காட்டினார். அவர் காட்டக் காட்ட இவள் சொன்னாள். மேல்சட்டையைக் கழற்ற வேண்டும். தலையிலிருந்து ஊற்ற வேண்டும். கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அட்டை சொன்ன மொழி வேறு, தும்பி சொன்ன மொழி வேறு. "கூச்சப்படாதீங்கக்கா, சட்டையோட மானம் போகாது, மருந்துதான் போகும்" என்று அட்டையில் இல்லை.

இழுத்துச் செல்லும் சத்தம் கேட்டது. யாரோ அழுதார்கள். யாரோ ஒரு ஆள் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டே தூக்கினார்.

அந்த இடைவெளியில் மேடம் குனிந்து கேட்டார். "கூடையில ஏதாவது எழுதியிருக்கான்னு கேளு. கம்பெனி பேர் இருக்கும்."

கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு எழுத்து தெரியாது. "ஒரு வட்டம். பக்கத்துல ஏணி மாதிரி ஒண்ணு. அப்புறம் கொக்கி" என்று வடிவம் சொன்னாள். அண்ணன் காகிதத்தில் வரைந்து பார்த்ததும் மேடத்தின் முகம் தெளிந்தது. நதிக்கு வடக்கே இருந்த ஒரு பெரிய பழக் கம்பெனியின் குறி அது. "வடக்கு. பாலத்துல நிக்கிற வண்டியை அனுப்பு."

"வேணாம் மேடம்," என்றாள் தும்பி, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு. தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. "கூடையை நம்பாதீங்க. கூடை ஊர் சுத்தும். ஒரு தோட்டத்துக் கூடை இன்னொரு தோட்டத்துக்குப் போகும், மேஸ்திரிங்க மாத்தி மாத்தி எடுத்துப்பாங்க. எங்க வீட்டுல துணி ஊற வைக்கிறதே ஒரு கம்பெனிக் கூடைலதான். அந்தக் கம்பெனி எங்க இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது."

"இப்ப கையில இருக்கிற ஒரே தகவல் அதுதான்."

"வட்டத்துக்குள்ள இருக்கறது ஒரே வண்டி மேடம். தப்பா போயிட்டா?"

பாலத்தில் நின்ற அந்த ஒரு வண்டிதான் பக்கத்தில். இன்னொன்று பிரசவ வலியோடு ஒருத்தியை ஏற்றிக்கொண்டு ஐம்பத்தைந்து நிமிட தூரத்தில் இருந்தது. அறையில் மற்ற ஏழு மேசைகளும் தத்தம் அழைப்புகளில் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. மேடம் நெற்றியைத் தேய்த்தார். "சரி. வேற என்ன இருக்கு? சீக்கிரம்."

வாய்க்கால். தும்பிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. சின்ன வயதில் அவள் குளித்ததெல்லாம் வாய்க்கால் மதகடியில்தான். இரும்புப் பலகை, அதைத் தூக்கி இறக்க ஒரு சக்கரம், பக்கத்துச் சுவரில் பதித்த எண். எண்ணைத் தொட்டுத் தொட்டு அவள் கணக்குப் படித்திருக்கிறாள்.

"அக்கா, வந்துட்டீங்களா வாய்க்காலுக்கு?"

"வந்துட்டோம். மாமா மேல தண்ணி ஊத்தறாங்க. கண்ணைத் திறக்க மாட்டேங்கறாரு. மூச்சு கொரகொரன்னு இருக்கு."

"வாயைத் துடைச்சு விட்டுக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. பக்கத்துல மதகு இருக்கா? சக்கரம் வச்ச இரும்புக் கதவு?"

"இருக்கு. கொஞ்ச தூரத்துல."

"அங்க சுவத்துல நம்பர் இருக்கும். போன்ல நம்பர் போடுவீங்கல்ல, அதே நம்பர்தான். ஓடிப் போய்ப் பாத்துச் சொல்லுங்க."

"போன்ல சிவப்புக் கோடு வந்திருச்சு. அணைஞ்சிடும் போல."

"ஓடுங்கக்கா!"

ஓடும் காலடிச் சத்தம். மூச்சு. மேடம் அதற்குள் அலமாரியை உருட்டி, வெள்ள காலத்துக்கென்று பாசனத் துறை கொடுத்திருந்த சுருள் வரைபடத்தை எடுத்து மேசை மேல் விரித்துவிட்டார். தூசி பறந்தது. மூலைகள் சுருண்டுகொள்ளாதபடி அண்ணன் ஒரு பக்கம் தண்ணீர் பாட்டிலையும் மறுபக்கம் தன் முழங்கையையும் வைத்தார்.

"நாலு. ஒண்ணு. நாலும் ஒண்ணும் இருக்கு," என்றது குரல்.

"நாப்பத்தொண்ணு," என்றாள் தும்பி.

"முன்னாடி ஏதோ எழுத்து இருக்கு. துருப் பிடிச்சு..."

அவ்வளவுதான். இணைப்பு அறுந்துவிட்டது. அண்ணன் மறுபடி போட்டார். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் பணிவாகச் சொன்னது.

மேடத்தின் விரல் வரைபடத்தில் ஓடியது. ஒரு இடத்தில் நின்றது. பிறகு நதியைத் தாண்டி இன்னொரு இடத்தில் நின்றது. "ரெண்டு இருக்கு," என்றார். "வடக்கே இடது வாய்க்கால்ல ஒரு நாப்பத்தொண்ணு. தெற்கே வலது வாய்க்கால்ல ஒரு நாப்பத்தொண்ணு. ரெண்டும் அந்த வட்டத்துக்குள்ளயே இருக்கு." பாலத்திலிருந்து இடப் பக்கம் போனால் இருபது நிமிடம். வலப் பக்கம் போனாலும் ஏறக்குறைய அதேதான். தவறான பக்கம் போய்த் திரும்பினால் முக்கால் மணி நேரம் போய்விடும்.

"எழுத்துதான் இடதா வலதான்னு சொல்லியிருக்கும்," என்றார் அண்ணன். அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது!

தும்பி வரைபடத்திலிருந்து நிமிர்ந்தாள். "மேடம், எங்கம்மாகிட்ட கேக்கலாம்."

"யாரு?"

"எங்கம்மா. ரெண்டு வாய்க்கால்லயும் வேலை செஞ்சிருக்காங்க. எந்த வயல்ல எது நிக்குதுன்னு அவங்களுக்குத் தெரியாதது இல்ல."

மேடம் அவளை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து சொந்தக்காரர்களைக் கூப்பிடக் கூடாது என்பது சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த விதிகளில் மூன்றாவது. "நம்பர் சொல்லு," என்றார். அவரே போட்டார். ஒலிபெருக்கியைத் திறந்தார்.

மணி அடித்தது. இரண்டு முறை அடித்ததும் தும்பி எட்டி அதைத் துண்டித்தாள்.

"என்ன பண்றே நீ!"

"வேலை நேரத்துல போன் எடுத்தா மேஸ்திரி திட்டுவாரு மேடம். ரெண்டு அடிச்சு நின்னு மறுபடி அடிச்சா அவசரம்னு அர்த்தம். அப்பதான் எடுப்பாங்க. போடுங்க மறுபடி."

மறுபடி போட்டார். ஐந்து முறை அடித்தது. ஆறு. ஏழாவதில் அம்மா எடுத்தாள். செடிகளுக்கிடையில் குனிந்துகொண்டு பேசும் கிசுகிசுப்பு.

"யாரு? என்ன புது நம்பர்ல? என்னாச்சு பாப்பா? வேலையை விட்டு அனுப்பிட்டாங்களா? அந்தச் சிடுமூஞ்சி மேடம் ஏதாச்சும் சொல்லிச்சா?"

அறையில் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. மேடம் வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. கேள்வி கேக்கறேன், பதில் மட்டும் சொல்லு. ஒரு செட்டு மருந்துப் புகையில மாட்டிக்கிச்சு. ஒருத்தரு சாகக் கிடக்கறாரு. நாப்பத்தோராம் மதகு. தக்காளி வயல், பக்கத்துல எலுமிச்சை. இடது வாய்க்காலா, வலதா?"

கிசுகிசுப்பு மாறியது. அம்மா எழுந்து நின்றுவிட்டாள் என்று தும்பிக்குப் புரிந்தது. குரல் முழுசாக வந்தது. "இடதுல நாப்பத்தொண்ணுலயும் தக்காளிதான். வலதுலயும் தக்காளிதான்."

"எலுமிச்சை?"

"வலதுல எலுமிச்சை. இடதுல சாத்துக்குடி. ஆனா பாப்பா, காய் சின்னதா இருக்கறப்ப தெரியாதவங்க ரெண்டையும் எலுமிச்சைன்னுதான் சொல்லுவாங்க. சொன்னது பழைய ஆளா, புதுசா?"

"தெரியலம்மா. சின்னப் பொண்ணு."

"வேற என்ன சொன்னா? நல்லா யோசி."

"யாரு போன்ல?" என்று தூரத்தில் ஒரு ஆண் குரல் அதட்டியது. "ஏய், யாரு அது?" அம்மா போனை வைக்கவில்லை.

தும்பி கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று வாரமாக அவள் செய்த வேலையே அதுதானே, கேட்டதைத் திரும்பக் கேட்பது. ஊரு தெரியலண்ணே. வேன்ல கொண்டாந்து இறக்கினாங்க. டிராக்டர். புகை. மாமா எந்திரிச்சு நடந்தாரு. அப்படியே...

"குச்சி! குச்சியெல்லாம் சாய்ச்சிக்கிட்டு விழுந்தார்னு சொன்னா."

"அப்ப வலது," என்றாள் அம்மா, யோசிக்கவே இல்லை. "குச்சி நட்டுக் கட்டினது வலதுலதான். இடதுல தரையில படர விட்டிருக்கான் பாவி, போன மாசம் அங்கதான் களை எடுத்து இடுப்பொடிஞ்சேன். வலது பாப்பா. கரை மேல மண் ரோடு இருக்கு, பாலத்துக்குக் கீழ் வழியா போகச் சொல்லு. மேல் வழியில லாரி நிக்கும்."

அதற்குள் மேடம் ரேடியோவை எடுத்து வண்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பது மணி ஒன்பது நிமிடம். "வை போனை!" என்று அந்த ஆண் குரல் ஒலிபெருக்கியில் இப்போது பக்கத்திலேயே கேட்டது. "வச்சிடறேன் பாப்பா" என்றாள் அம்மா.

இருபது நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தும்பிக்குத் தெரிந்தது. வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி வாய்க்கால் கரையோடு ஊர்ந்தது. அண்ணன் அடுத்த அழைப்பை எடுத்துவிட்டார். யாரோ படியில் வழுக்கி விழுந்திருந்தார்கள். மேடம் மருத்துவமனைக்குப் பேசி, மாற்று மருந்தும் படுக்கைகளும் தயார் பண்ணச் சொன்னார். அம்மா சொன்னது தப்பாக இருந்தால்? குச்சி என்று அந்தப் பெண் சொன்னது வேலிக் குச்சியாக இருந்தால்? தும்பி சால்வையை இழுத்து இழுத்துப் போர்த்தினாள்.

ஒன்பது இருபத்தெட்டுக்கு ரேடியோ இரைந்தது. "பாத்துட்டோம். கரையில எல்லாரும் ஈரத் துணியோட உக்காந்திருக்காங்க. ஒன்பது பேர். ஒரு ஆள் நிலைமை மோசம். மூச்சு இருக்கு."

மூச்சு இருக்கு என்ற வார்த்தையைக் கேட்டதும் தும்பி கழிப்பறைக்கு ஓடிப்போய் காலையில் சாப்பிட்டதையெல்லாம் வாந்தியெடுத்தாள். திரும்பி வந்தபோது மேடம் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து அறிக்கை தட்டிக்கொண்டிருந்தார்.

"விதியை மீறி நேரடி அழைப்புல பேசினது ட்ரெய்னி. அதுக்கு அனுமதிச்சது நான். ரெண்டையும் எழுதியிருக்கேன்," என்றார். திரும்பிப் பார்க்காமலே, "உங்கம்மா என் மூஞ்சியை எப்பப் பாத்தாங்க?" என்று கேட்டார்.

"பாக்கல மேடம். நான்தான்... சொல்லியிருந்தேன்."

"ம்" என்றார் மேடம். மறுபடி தட்ட ஆரம்பித்தார்.

அம்மா அன்று மதியமே அவர்கள் குடியிருந்த அறைக்குத் திரும்பிவிட்டாள். வேலை நேரத்தில் போன் பேசியதற்காக அவளுடைய மேஸ்திரி அவளைச் செட்டை விட்டே விலக்கிவிட்டான். சாயங்காலம் தும்பி வந்ததும், "பெரிய கலெக்டர் வேலை போயிடுச்சு பாரு" என்று சொல்லிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். தும்பிக்கு அவள் முதுகைப் பார்க்கப் பார்க்க எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தன. பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலை அமுக்கி விட்டாள்.

வியாழக்கிழமை இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். போக வேண்டும் என்றது அம்மாதான். ஏழு பேரை அனுப்பிவிட்டிருந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே பெஞ்சில், சிவந்த கண்களோடு ஒரு பெண் குந்தியிருந்தாள். தும்பியைவிட ஒரு வயது இரண்டு வயது கூடுதலாக இருக்கலாம். அவள் எதிரில் சட்டைப் பையில் இரண்டு போன் செருகிய ஒரு ஆள் குனிந்து, தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான்.

"டாக்டர் கேட்டா, பழைய சோறு சாப்பிட்டோம், ஒத்துக்கலைன்னு சொல்லணும். எல்லாரும் அதைத்தான் சொல்லியிருக்காங்க. நீ மட்டும் மருந்து கிருந்துன்னு உளறினா, அடுத்த வாரம் உன்னை ஏத்திக்க ஒரு வேன் கிடைக்காது. புரியுதா? உன் மாமா எந்திரிச்சு வந்தா அவருக்கும் வேலை வேணும்ல."

அந்தப் பெண் தரையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அந்த மேஸ்திரி போனதும் தும்பி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். அந்தப் பெண் நிமிர்ந்து வெறித்தாள். குரலை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீதானா அது?" என்று தும்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது. பிறகு பிடித்த கையை உதறினாள். "போலீஸ் வராதுன்னு சொன்னே. மேஸ்திரிக்குத் தெரியாதுன்னு சொன்னே."

"அப்படிச் சொல்லலக்கா. மேஸ்திரி பேரு எனக்கு வேணாம்னுதான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். இப்ப பாரு. நான் பழைய சோறுன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிறேன். என் பேச்சை எவன் நம்புவான்?"

தும்பிக்கு வாய் வரைக்கும் வந்தது. அழைப்பு முழுக்கப் பதிவாகியிருக்கிறது; டிராக்டர், புகை, எலுமிச்சை, அவள் வாயாலேயே சொன்ன ஒவ்வொன்றும். ஆனால் அழைப்பைப் பற்றி வெளியில் ஒரு சொல் பேச மாட்டேன் என்று சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஏற்கெனவே ஒரு விதியை உடைத்தாயிற்று. இதையும் உடைத்தால் மேடத்தால்கூடக் காப்பாற்ற முடியாது. அடுத்த வருடம் இந்தத் திட்டத்தில் இன்னொரு பிள்ளையை இந்த அறைக்குள் விடவும் மாட்டார்கள்.

அவள் தன் பயிற்சிக் கையேட்டின் பக்கங்களை மனசுக்குள் புரட்டினாள். மூன்று வாரமாக வேலையில்லாத நேரத்திலெல்லாம் அதைத்தான் படித்திருந்தாள். பேசியவரே எழுதிக் கேட்டால்...

"அக்கா, நான் ஒண்ணும் சொல்ல முடியாது. சொல்லக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். ஆனா அங்க போன் பண்ணின யாரா இருந்தாலும், தான் பேசினதைக் கொடுங்கன்னு மனு எழுதிக் கேக்கலாம். கேட்டா கொடுத்தாகணும். அது சட்டம்."

அந்தப் பெண் தலையைத் திருப்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழாய்களுக்கு நடுவே கிடந்த மாமாவைப் பார்த்தாள். "எனக்கு எழுதத் தெரியாது" என்றாள்.

"இவ எழுதுவா," என்றாள் இதுவரை சும்மா நின்ற அம்மா. "அதுக்குத்தானே பதினோரு பள்ளிக்கூடம் மாத்தினேன்." பிறகு அந்தப் பெண்ணின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். "வேன் கிடைக்காதேன்னு பயப்படாதே. எனக்கும்தான் கிடைக்கல. நதிக்கு வடக்கே பெட்டி கட்டுற கொட்டகையில ஆள் எடுக்கறாங்களாம். அங்க மேஸ்திரி கிடையாது. நாளைக்கு ரெண்டு பேருமாப் போய்க் கேப்போம்."

செவிலியிடம் ஒரு காகிதம் வாங்கித் தும்பி எழுதினாள். கீழே கட்டை விரல் வைப்பதற்கு முன்னால், அந்தப் பெண் இரண்டு முறை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். இரண்டாவது முறை ஒரு திருத்தம் சொன்னாள். "நாலு பேர் வாந்தி எடுத்தாங்கன்னு போட்டிருக்கே. அஞ்சு பேரு. நானும் எடுத்தேன். அதையும் போடு."

மனுவை மேடம் கையில் வாங்கியபோது யார் எழுதியது என்று கேட்கவில்லை. கையெழுத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். ஒன்பது நாளில் பதிவு கிடைத்தது. அதைத் தொழிலாளர் ஆய்வாளர் மேசையில் போட்டுக் கேட்டபோது, பழைய சோறு சாப்பிட்டதாகச் சொன்ன மற்றவர்களில் நாலு பேர் தாங்கள் சொன்னதை மாற்றிக்கொண்டார்கள். மூன்று பேர் மாற்றிக்கொள்ளவில்லை. அந்தச் செட்டு மேஸ்திரியின் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். எலுமிச்சைத் தோட்டக்காரர் மேல் போட்ட வழக்கு இழுத்துக்கொண்டு போகிறது. மாமா இருபத்திரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தார். கை நடுக்கம் நிற்கவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறார்.

தும்பி எட்டு வாரத்தையும் முடித்தாள். கடைசி நாள் அவளைப் பற்றிய மதிப்பீட்டுத் தாளில் மேடம் எல்லாக் கட்டத்துக்கும் நேரே "நன்று" என்று எழுதி, விதிகளைப் பின்பற்றுதல் என்ற கட்டத்துக்கு மட்டும் "சுமார்" என்று போட்டிருந்தார். அதை அவள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். அம்மா பெட்டி கட்டும் கொட்டகையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். அந்தப் பெண்ணும் கூட வந்திருந்தாள்.

"சுமாரா?" என்றாள் அம்மா. "அந்தம்மா நியாயமான ஆளுதான்."